பேஸ் பத்தலையா? பெரிய ஆம்ப் வாங்குறதா, ஸ்பீக்கரை நகத்துறதா?

பேஸ் பத்தலன்னு சொல்றவங்க எல்லாரும் அடுத்து கேக்குறது "எத்தனை வாட்ஸ் ஆம்ப் போடலாம்"னு தான் (ஆம்ப்னா ஸ்பீக்கருக்கு பவர் குடுக்குற ஆம்ப்ளிஃபயர், பேஸ்னா பாட்டுல அடியில வர்ற கனமான சத்தம்). நானும் அந்த வழியில போய் 50 வாட்ஸ்ல இருந்து 100 வாட்ஸ்க்கு மாறினவன், அதுக்கப்புறம் தான் ஸ்பீக்கரை நகத்திப் பாத்தேன், அதனால ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சு சொல்றேன்.

வாட்ஸ் டபுள் ஆனா, சத்தத்தை அளக்குற டெசிபல் கணக்குல கூடுதலா கிடைக்கிறது 3 டெசிபல் தான். சத்தம் ரெண்டு மடங்கா கேக்கணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். இன்னொரு பக்கம், ரூம் நடுவுல நிக்கிற ஸ்பீக்கரை செவுத்து பக்கம் கொண்டு போனாலே அடி பேஸ் 6 டெசிபல் வரைக்கும் ஏறும், பின்னாடி போற பேஸ் செவுத்துல பட்டு முன்னாடி வந்து சேந்துக்குது. இதையே ஆம்ப்ல எடுக்கணும்னா நாலு மடங்கு வாட்ஸ்!

ஆனா எவ்ளோ தூரம் விடுறோம்ங்கறது ரொம்ப முக்கியம். என்னோடது கோன்லருந்து (ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடுற கூம்பு) பின் செவுத்துக்கு மூணு அடி இருந்துச்சு. அந்த தூரத்துல திரும்பி வர்ற அலை 94 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 94 அதிர்வு) பக்கத்துல நேர் எதிரா வந்து அமுக்கிடும், கிக் டிரம்மோட குத்து இருக்கிற ஏரியாவே அதான். வால்யூமை ஏத்தினா திரும்பி வர்ற அலையும் அதே அளவு ஏறுது, பள்ளம் பள்ளமாவே தான் இருக்கும், 500 வாட்ஸ் போட்டாலும் சரி. ஒன்றரை அடிக்கு கொண்டு வந்ததும் அந்த பள்ளம் 190 ஹெர்ட்ஸ் பக்கம் போயிடுச்சு, குத்து திம்முன்னு நெஞ்சுல விழுது. பின்னாடி ஓட்டை வெச்ச ஸ்பீக்கர்னா ஒரு சாணாவது கேப் விடுங்க. ஒரேயடியா மூலையில தள்ளிடாதீங்க, பேஸ் நிறைய வரும், ஆனா எல்லா பாட்டும் ஒரே "பூம்" தான்.

அடுத்தது நாம உட்கார்ற இடம், இதை யாருமே கணக்குல எடுக்குறதில்ல. என் ரூம் 12க்கு 10 அடி, சோபா சரியா நீளத்துக்கு நடுவுல கிடந்துச்சு. போன்ல டோன் ஆப் போட்டு 47 ஹெர்ட்ஸ் ஓட விட்டேன், சோபாவுல உக்காந்தா சத்தமே இல்லாத மாதிரி இருக்கு, எழுந்து பின் செவுத்துல தலைய சாய்ச்சா காது அடைக்குது, ஒரே ரூம் ஒரே வால்யூம். சோபாவை ரெண்டு அடி பின்னாடி இழுத்தேன், அவ்ளோதான், பேஸ் வந்துடுச்சு.

அப்போ ஆம்ப் வேண்டவே வேண்டாமா? அப்படி இல்ல. ஸ்பீக்கர் 4 ஓம்ஸ் (கரண்ட்டை தடுக்குற அளவு), ஆம்ப் பின்னாடி குறைஞ்சது 8 ஓம்ஸ்னு போட்டிருந்தா அது சூடாகி கட் ஆகும், அங்க ஆம்ப் மாத்தித்தான் ஆகணும். 84 டெசிபல் சென்சிட்டிவிட்டி (குடுக்குற பவருக்கு எவ்ளோ சத்தம் வரும்ங்கற அளவு) ஸ்பீக்கருக்கு 90 டெசிபல் ஸ்பீக்கரை விட நாலு மடங்கு பவர் வேணும், அதுலயும் பேஸ் தான் அதிகமா உறிஞ்சும், சத்தம் ஏத்தும்போது பேஸ் கரகரன்னு உடைஞ்சா குறை ஆம்ப்ல இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா 4 இன்ச் ஊஃபர்னா (பேஸை எழுப்புற பெரிய கோன்) எந்த ஆம்பும் காப்பாத்தாது, ஒரு ஆக்டேவ் கீழ போனா, அதாவது ஹெர்ட்ஸ் பாதியானா, அதே சத்தத்துக்கு கோன் நாலு மடங்கு ஆடணும், அதுக்கு சப்வூஃபர், அதாவது பேஸுக்குன்னே இருக்கிற தனி ஸ்பீக்கர் தான் வழி.

கடைக்கு கிளம்புறதுக்கு முன்னாடி ஒயரை ஒரு தடவை பாத்துடுங்க, ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் சிவப்பும் கருப்பும் மாறியிருந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடும், மாத்தி சொருகின நிமிஷமே பேஸ் வந்துடும்.