வெளிநாட்டு ஆர்டருக்கென்று இணையக் கடை செய்து தந்தார்கள்: காரைக்குடிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

"என்னம்மா, உங்க கடை என் பேரையே ஏத்துக்க மாட்டேங்குதே" என்று ஈப்போவிலிருந்து ஓர் ஆச்சி போன் செய்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மலேசியாவில் நம் பெண்களுக்கு அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' என்று இருக்கும், ஆண்களுக்கு 'ஏ/எல்'. நடுவில் வரும் அந்தச் சாய்கோட்டை எங்கள் தளம் செல்லாத எழுத்து என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. அட்டையில் உள்ளபடி பெயரைக் கொடுத்தது அவர் தப்பா?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறோம். 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்களில் இருந்து விசாரிப்பு கூடியது. செட்டிநாட்டு ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது மலேசியா, சிங்கப்பூர், துபாயில் இருப்பார்கள். வாங்குவதற்கு ஆள் உண்டு. அதை நம்பித்தான் ஒரு நிறுவனத்திடம் 55,000 ரூபாய் கொடுத்தோம். எங்கள் கண்முன்னே ஒரு சிங்கப்பூர் முகவரியைப் போட்டுக் காட்டினார்கள். தடையில்லாமல் பணம் கட்டும் பக்கம் வரை போனது. முழுத் தொகையையும் கொடுத்துவிட்டோம்.

அது ஏன் போனது என்று பிற்பாடுதான் புரிந்தது. சிங்கப்பூர் அஞ்சல் குறியீடு நம் பின்கோடு மாதிரியே ஆறு இலக்கம். மலேசியாவில் ஐந்துதான். துபாயில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. லண்டனில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். எங்கள் பக்கமோ ஆறு இலக்கம் இல்லாவிட்டால் நகராது. அதாவது, உள்ளூர்க் கடைக்கான படிவத்தில் நாடு என்று ஒரு கட்டத்தை மட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு சிங்கப்பூரிலிருந்து நிஜமாகவே வந்த ஓர் ஆர்டரும் ஒழுங்காக முடியவில்லை. மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காமல் மேலே போக முடியாது, பட்டியலில் இருப்பதெல்லாம் இந்திய மாநிலங்கள். வாடிக்கையாளர் வேறு வழியில்லாமல் 'தமிழ்நாடு' என்று போட்டிருக்கிறார். கூரியர் கட்டணம் மாநிலத்தை வைத்துக் கணக்காகிறது. மூன்று சேலை அனுப்ப அவரிடம் 80 ரூபாய் வாங்கிக்கொண்டு, கூரியரில் நாங்கள் கட்டியது 1,900. போன் நம்பர் பத்து இலக்கம் வேண்டும் என்று தளம் அடம்பிடித்ததால், தன் எட்டு இலக்க நம்பரோடு இரண்டு சைபரைச் சேர்த்திருக்கிறார். அங்கே கொண்டுபோய்க் கொடுப்பவர் கூப்பிட்டால் லைன் போகுமா? பார்சல் திரும்பி வந்தது. திரும்பி வந்ததற்கும் தனியாக ஒரு பில்.

இதெல்லாம் தாண்டி வந்த மற்றவர்களின் வெளிநாட்டு கார்டும் செல்லவில்லை. வெளிநாட்டு கார்டுகளை ஏற்க, தளத்தில் கட்டும் பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வேயிடம் தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டுமாம். அதைத் தளம் செய்து தந்தவர்கள் செய்யவும் இல்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை. வாங்க வந்தவர்கள் தங்கள் பேங்க்கில்தான் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கேட்டதற்கு முதலில் "கஸ்டமர் தப்பாப் போடுறாங்க" என்றார்கள். அப்புறம், சர்வதேச வசதிக்கு இன்னும் 18,000 ஆகும் என்றார்கள். நாங்கள் முதலில் கேட்டதே அதைத்தானே! வேறு ஆளை வைத்துச் சரிசெய்யலாம் என்று பார்த்தால், டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, அவர்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. பாஸ்வேர்டும் எங்களிடம் இல்லை.

நீங்கள் இப்படி ஒரு கடை கட்டச் சொல்லியிருந்தால், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஈப்போவிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரர்களை அவரவர் போனில், அவரவர் கார்டில், சின்னதாக ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். வருகிற பார்சலுக்கு அங்கே சுங்க வரி யார் கட்டுவது என்று பணம் கட்டும் முன்பே பக்கத்தில் காட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தளத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டொமைனை முதல் நாளே உங்கள் பெயரில் நீங்களே வாங்கிவிடுங்கள்.

ஈப்போ ஆச்சிக்கு வாட்ஸ்அப்பிலேயே ஆர்டர் எடுத்து, அரக்கு நிறத்தில் இரண்டு சேலை அனுப்பிவிட்டோம். டொமைனைத் திருப்பிக் கேட்டு அந்த நிறுவனத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வரவில்லை.