ஆர்டி 350ல ஒத்தை பக்க ஸ்விங்ஆர்ம்: மூணு வருஷம், 11,000 கிலோமீட்டர் ஓட்டுன அனுபவம்

கிருஷ்ணகிரில இருந்து எழுதறேன். என்கிட்ட இருக்கறது 1986 மாடல் ராஜ்தூத் 350, எல்லாரும் ஆர்டின்னு சொல்ற வண்டி, எங்க அப்பா வாங்குனது. அதோட பழைய ஸ்விங்ஆர்ம (பின் வீல ஃப்ரேமோட சேத்து புடிக்கற கை) கழட்டிட்டு டுகாட்டி மான்ஸ்டர் 796ல வர்ற, வீல ஒரு பக்கம் மட்டுமே தாங்கற ஒத்தை பக்க ஆர்ம மாட்டி மூணு வருஷம் முடிஞ்சிருச்சு. மாட்டுன அன்னிக்கு போட்டோ போடறவங்க நிறைய பேர் இருக்காங்க, அப்புறம் அந்த வண்டி எப்படி ஓடுச்சு, எது தேஞ்சது, எது உடைஞ்சதுன்னு யாரும் சொல்றதில்ல. அதனால தான் நல்லா ஓட்டி பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

ஏன் மாத்துனேன்னு முதல்ல சொல்லிடறேன். ஆர்டி ஓட்டுனவங்களுக்கு தெரியும், 347 சிசி ரெண்டு சிலிண்டர் இன்ஜினுக்கு அந்த ஸ்விங்ஆர்ம் பத்தவே பத்தாது, மெல்லிசு பைப்பு, பிவட்ல (ஆர்ம் ஃப்ரேமோட சேந்து மேல கீழ ஆடற இடம்) பிளாஸ்டிக் புஷ், அதாவது உள்ள போடற வளையம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்குற வளைவுகள்ல த்ராட்டில விட்டு திரும்ப புடிச்சா பின்னாடி வால் தனியா ஆடற மாதிரி இருக்கும். வெண்கல புஷ் கடைஞ்சு போட்டேன், பாதி ஆட்டம் அதுலயே போயிடுச்சு, அதோட நிறுத்தியிருக்கலாம் தான். ஆனா ஹோண்டா என்எஸ்ஆர் 250 கடைசி மாடல்ல டூ ஸ்ட்ரோக் இன்ஜினோட ஒத்தை பக்க ஆர்ம் இருக்கற படத்த பாத்ததுல இருந்து மனசு அங்கயே நின்னுடுச்சு. எண்டூரன்ஸ் ரேஸ்ல வீல சட்டுன்னு மாத்தறதுக்காக வந்த சமாச்சாரம் இது, எல்ஃப்ங்கற பிரெஞ்சு ரேஸ் டீமோட ஐடியாவ ஹோண்டா வாங்கி 1987ல ஆர்சி 30ங்கற பைக்ல போட்டாங்க, 1994ல டுகாட்டி 916 வந்தப்புறம் அது அழகுக்கே ஒரு அடையாளம் ஆயிடுச்சு.

பெங்களூர்ல அடிபட்ட ஒரு 796 ஓட ஆர்ம், ஹப் (வீல் உக்கார்ற நடு பாகம்), வீல், டிஸ்க் எல்லாம் சேத்து 46,000க்கு கிடைச்சது. டுகாட்டிலயும் செயின் இடது பக்கம், ஆர்டிலயும் இடது பக்கம், அதனால ஈசியா உக்காந்துடும்னு நெனச்சேன். தப்பு. இந்த வேலைல ஆர்ம் வாங்கறது ஒரு மேட்டரே இல்லைங்க, மொத்த வேலையும் செயின் லைன்ல தான் இருக்கு, அதாவது முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடற பல் சக்கரம்) ஒரே நேர்கோட்டுல நிக்கறதுல.

180 எம்எம் அகல டயருக்கு இடம் விட்டு வைக்கணும்னா பின் ஸ்ப்ராக்கெட் ஆர்டியோட முன் ஸ்ப்ராக்கெட்ட விட நல்லா வெளிய தள்ளி நிக்குது. முதல்ல வேலைய குடுத்த இடத்துல என்ன பண்ணாங்கன்னா, அந்த கேப்ப குறைக்க ஆர்மயே வலது பக்கமா தள்ளி பிவட்டுக்கு ஸ்பேசர் (இடைவெளிக்கு போடற வளையம்) போட்டு முடிச்சுட்டாங்க. பாக்க நல்லா தான் இருந்துச்சு. 900 கிலோமீட்டர்ல செயினோட உள்பக்க தகடு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுது, ஸ்ப்ராக்கெட் பல்லு ஒரு ஓரமா கத்தி மாதிரி தேஞ்சிருக்கு, கீழ தொடைச்சா விரல்ல கறுப்பு கிரீஸோட இரும்பு தூள் ஒட்டுது. ஹைவேல கைய லேசா விட்டா வண்டி ஒரு பக்கமா சாயுது.

அப்புறம் ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு லேத் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவர் ஸ்பானர தொடவே இல்ல, கொத்தனார் நூல எடுத்து பின் வீலோட ரெண்டு பக்கமும் இழுத்து முன் வீல் வரைக்கும் கட்டினார், கொஞ்ச நேரம் குனிஞ்சு பாத்துட்டு, "தம்பி, வீலே நாலு எம்எம் வலது பக்கம் நிக்குது, இதுல செயின் எப்படி நேரா ஓடும்?"னு கேட்டார். சாதா ஆர்ம்ல ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் இருக்கற ஸ்பேசர மாத்தி வீல நடுவுக்கு கொண்டு வந்துடலாம், இதுல அது கிடையாது, பிவட்ல போடற ஸ்பேசர் தான் வீல் எங்க நிக்கணும்னு முடிவு பண்ணுது, அங்க தப்பு பண்ணா வேற எங்கயும் சரி பண்ண முடியாது.

அவர் ஆர்ம நடுவுக்கு கொண்டு வந்தார், பின் ஸ்ப்ராக்கெட் உக்கார்ற கேரியர உள்பக்கமா கடைஞ்சார், மிச்ச கேப்புக்கு முன்னாடி வெளிய தள்ளுன ஸ்ப்ராக்கெட் ஒண்ணு செஞ்சார். ஸ்ப்ராக்கெட் வெளிய போனா கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்குக்கு லோடு ஏறும், அதுக்காக ஸ்ப்ராக்கெட்டுக்கு வெளிய ஒரு அலுமினிய பிளேட் வச்சு அதுல ஒரு பேரிங்க உக்கார வச்சு ஷாஃப்ட் முனைய தாங்க விட்டார். இந்த பிளேட் இல்லாம யாரும் பண்ணாதீங்க, ஆயில் சீல் லீக் ஆகி அப்புறம் பேரிங் போய் இன்ஜின பிரிக்கற வரைக்கும் போயிடும். இந்த லேத் வேலைக்கு மட்டும் 19,000 ஆச்சு, ஒவ்வொரு ரூபாயும் தகும்.

ரெண்டு ஷாக்குக்கு பதிலா நடுவுல ஒரே ஷாக் (மோனோஷாக்) வந்ததுனால ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கு இடம் போச்சு. தனித்தனி ஃபில்டர் போட்டு ரெண்டு கார்புரேட்டருக்கும் மெயின் ஜெட் (பெட்ரோல் போற துளை) பெருசாக்குனேன். ஜெட்டிங் சரியா வர ரெண்டு மாசம் ஆச்சு, டூ ஸ்ட்ரோக்ல லீனா (பெட்ரோல் கம்மியா) ஓட்டி பிஸ்டன் சீஸ் ஆனா (இறுகி நின்னுட்டா) அவ்ளோ தான், அதனால ஒவ்வொரு ரவுண்டுக்கும் பிளக் கலர் பாத்து பாத்து தான் ஏத்துனேன்.

டயர் பத்தி. 180/55-17 உயரத்துல பழைய 3.50-18 கூட கிட்டத்தட்ட ஒண்ணு தான், அதனால கியரிங் மாத்த வேண்டி வரல. ஆனா வெயிட் இருக்கே, அது தெரியுது. 6,000 ஆர்பிஎம் தாண்டுனதும் முன்ன முன் வீல் லேசா தூக்கும், இப்ப தூக்கறதில்ல. இன்ஜினுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்னு 160 போட்டு பாத்தேன், 5.5 இன்ச் ரிம்ல டயர் தட்டையா இழுத்துக்குது, வளைவுல சாய்க்கும்போது ஒரு இடத்துல பொசுக்குன்னு விழற மாதிரி இருந்துச்சு, மறுபடி 180க்கே வந்துட்டேன். பின்னாடி இவ்ளோ அகலம் வந்தப்புறம் பழைய ஒல்லி முன் வீலோட வண்டி திரும்பவே மாட்டேங்குது, கடைசில முன் ஃபோர்க், வீல், டிஸ்க் எல்லாம் மாத்த வேண்டியதாயிடுச்சு. பட்ஜெட் போடறவங்க இத ஆரம்பத்துலயே சேத்துக்கோங்க, எனக்கு மொத்தமா 1,40,000 தாண்டிடுச்சு.

இப்ப எப்படி ஓடுதுன்னா, அந்த வால் ஆட்டம் சுத்தமா இல்ல. தொப்பூர் கணவாய்ல லாரிங்களுக்கு நடுவுல 80ல லைன் மாத்தும்போது வண்டி ஒரே துண்டா திரும்புது. செயின் டைட் பண்றது சுகம், ஹப்ப புடிச்சிருக்கற போல்ட்ட லூஸ் பண்ணி ஹூக் ஸ்பானர்ல திருப்புனா போதும், அலைன்மென்ட் பாக்கற வேலையே இல்ல. திருப்பும்போது பின் உயரமும் கொஞ்சம் மாறும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்.

தொந்தரவு ஹப் பேரிங் தான். போன வருஷம் மழைல ராயக்கோட்டை ரோட்டுல நிறைய ஓட்டுனேன், அப்புறம் ஹப்ப பிரிச்சு பாத்தா கிரீஸ் பால் காபி கலர்ல இருந்துச்சு, நீடில் பேரிங்ல (ஊசி மாதிரி மெல்லிசு உருளை இருக்கற பேரிங்) துரு புள்ளி. மொத்த லோடும் ஒரு பக்கமே தாங்கறதால இத அசால்ட்டா விடக்கூடாது, நான் இப்ப 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ பிரிச்சிடறேன். அப்புறம் வீல் நட்டு. ஒரே நட்டுல வீல் வந்துடும் தான், ஆனா காவேரிப்பட்டினம் தாண்டி பஞ்சர் ஆனப்ப கடைல அந்த சைஸ் சாக்கெட் இல்ல, வீட்ல இருந்து தம்பி கொண்டு வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். இப்ப சாக்கெட் எப்பவும் பேக்ல இருக்கு, நட்டு கழலாம புடிக்கற கிளிப்பும் ரெண்டு எக்ஸ்ட்ரா.

சட்டப்படி கம்பெனி அமைப்ப மாத்தக்கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, இன்சூரன்ஸ் க்ளெய்ம்லயும் பிரச்சனை வரலாம், இத தெரிஞ்சுட்டு தான் இறங்கணும். அதனால தான் ஃப்ரேம்ல எதையும் வெட்டக்கூடாதுன்னு லேத் அண்ணன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். ஆர்சி ரினியூவல் வருதுன்னா பழைய ஆர்ம், ரெண்டு ஷாக், டிரம் வீல் எல்லாம் மாட்டி தான் கொண்டு போகணும், எல்லாத்தையும் கிரீஸ் தடவி சாக்குல சுத்தி பரண்ல வச்சிருக்கேன். அப்பா ஓட்டுன ஆர்ம் அது, யார் எவ்ளோ கேட்டாலும் குடுக்கறதா இல்ல.

ஆட்டம் மட்டும் தான் உங்க பிரச்சனைன்னா வெண்கல புஷ், நல்ல ஷாக், அவ்ளோ போதும், சில ஆயிரத்துல முடிஞ்சிடும். ஒத்தை பக்க ஆர்ம் தான் வேணும்னு மனசு புடிச்சிடுச்சுன்னா ஆர்ம் தேடறதுக்கு முன்னாடி நூல் கட்டி பாக்கற லேத்காரர தேடுங்க. எனக்கு அடுத்த வேலை தீபாவளிக்கு முன்னாடி ஹப்ப பிரிக்கறது, புது நீடில் பேரிங் வாங்கி வச்சாச்சு.