பழைய 2டி விளையாட்டுக்கு முழுத்திரை: சிஎன்சி-டிடிராவா, டிஜிவூடூவா?

1998-ன் ஸ்டார்கிராஃப்ட், 1999-ன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 2000-ன் ரெட் அலர்ட் 2. மூன்றும் விண்டோஸின் பழைய 2டி வரைகலை முறையான டைரக்ட்டிரா வழியாகப் படம் வரைபவை. திறந்ததுமே மானிட்டரின் ரெசல்யூஷனை 640×480-க்கோ 800×600-க்கோ மாற்றச் சொல்லும். பழைய குழாய் வகை சிஆர்டி மானிட்டர் அதைக் குறையில்லாமல் செய்தது. எல்சிடி திரைக்குச் சொந்த அளவு ஒன்றுதான்; மற்ற எதுவும் இழுத்து நிரப்பிய படம். அதனால்தான் மாவீரர்கள் குட்டையாகவும் குண்டாகவும், எழுத்து மங்கலாகவும் தெரிகிறார்கள். இதைச் சரிசெய்ய, விளையாட்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று படத்தை இன்றைய திரைக்கேற்ப வரைந்து தரும் நிரல்கள்தான் சிஎன்சி-டிடிராவும் டிஜிவூடூவும்.

விண்டோஸின் கம்பாட்டிபிலிட்டி டேபில் இருக்கும் 256 நிறம், 640×480 டிக்குகளை முதலில் எல்லோரும் போட்டுப் பார்ப்பதுண்டு. சில கணினிகளில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் புல்லும் தண்ணீரும் ஊதா, சிவப்பாக மாறும் கோளாறு அதில் தீரும். படம் அகலமாக இழுபடுவது தீராது.

கிராஃபிக்ஸ் டிரைவரின் ஸ்கேலிங் (படத்தைப் பெரிதாக்கும் வசதி) அதைவிட மேல். 2019-ல் இன்டெல், என்விடியா, ஏஎம்டி மூன்றுமே முழு எண் ஸ்கேலிங்கை (ஒவ்வொரு பிக்சலையும் சரியாக 2, 3 என்று முழு மடங்காகப் பெரிதாக்குவது) கொண்டுவந்தன. என்விடியாவில் அதற்கு டூரிங் வகை கார்டு (ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை) அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் உள்திரை பெரும்பாலும் இன்டெல் பக்கம் இணைந்திருக்கும். அப்போது என்விடியா பேனலில் அந்த ஆப்ஷனே தெரியாது. இதற்கெல்லாம் மேலாக, விளையாட்டு இன்னும் மானிட்டரின் மோடை (ரெசல்யூஷனும் நிற அளவும்) மாற்றிக்கொண்டுதான் இருக்கும். எனக்குத் தீர்மானமான விஷயம் அதுதான்.

மோடு மாறும் ஒவ்வொரு முறையும் திரை ஓரிரு விநாடி கறுக்கிறது. ரெட் அலர்ட் 2-ல் முகப்பு மெனு 800×600. ஆட்டம் நாம் வைத்த அளவு. உள்ளே போக ஒரு கறுப்பு, வெளியே வர ஒரு கறுப்பு. ஆல்ட்+டேப் அடித்தால் டைரக்ட்டிரா தன் சர்ஃபேஸ்களை (படத்தை வைத்திருக்கும் நினைவகப் பகுதிகளை) இழக்கிறது. அவற்றைத் திரும்பப் பெறும் நிரல்பகுதி பழைய விளையாட்டில் சரியாக இல்லையென்றால் கறுந்திரையோடு நிற்கும், அல்லது மூடிக்கொள்ளும். டெஸ்க்டாப் ஐகான்கள் இடம் மாறும், இரண்டாவது மானிட்டரில் திறந்திருந்த ஜன்னல்கள் ஒரு மூலையில் குவியும். 8, 16 பிட் நிற மோடுகளையும் விண்டோஸ் 8 முதல் இயங்குதளம் பாவனையாகத்தான் தருகிறது. இத்தனைக்கும் மூலம் ஒன்றே. மானிட்டரைத் தொடாமல், டெஸ்க்டாப் அளவிலேயே பார்டர் இல்லாத ஜன்னலில் படத்தைப் பெரிதாக்கி வரைந்துவிட்டால் இவை எதற்கும் இடமே இல்லை. சிஎன்சி-டிடிரா இதை இரண்டு வரியில் செய்கிறது. ஆகவே 2டி விளையாட்டுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

பெரிதாக்கும் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். 1920×1080 திரையில் 640×480 படத்தை வைத்தால் உயரம் 2.25 மடங்கு. முழு உயரமும் நிரப்பினால் படம் 1440×1080, இருபுறமும் 240 பிக்சல் கறுப்பு. ஆனால் சில வரிசைகள் இரண்டு பிக்சலாகவும் சில மூன்றாகவும் விழுவதால் எழுத்து கோணலாகும், அல்லது ஃபில்டர் கொண்டு ஓரங்களை மழுப்ப வேண்டும். முழு எண்ணில் நிறுத்தினால் 1280×960. மேலும் கீழும் 60 பிக்சல் போகும், ஒவ்வொரு பிக்சலும் துல்லியம். 1440 வரித் திரை உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டம்: 480 சரியாக மூன்று மடங்கு. 4கே-யில் நான்கு மடங்கு, 2560×1920. 800×600 விளையாட்டுதான் 1080-ல் சிக்கல், 1.8 மடங்கு என்பதால் முழு எண்ணில் ஒன்றுக்கு மேல் போகாது. அங்கே ஓரங்களை மழுப்பும் ஸ்கேலிங்கே நல்லது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் 1280×1024 தேர்ந்தால் 1080 திரையில் பெரிதாக்காமலே உட்காரும், மேலும் கீழும் 28 பிக்சல் மட்டும் மிச்சம்.

செய்முறை இதுதான். முதலில் கம்பாட்டிபிலிட்டி டிக்குகள் அனைத்தையும் எடுங்கள். அந்த அடுக்கு தானே டைரக்ட்டிராவில் கை வைப்பதால் இரண்டும் மோதும். கிட்ஹப்பில் உள்ள வெளியீட்டை இறக்கி, டிடிரா.டிஎல்எல், டிடிரா.ஐஎன்ஐ, கூடவே வரும் கான்ஃபிக் நிரல், ஷேடர் ஃபோல்டர் ஆகியவற்றை விளையாட்டின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். சிஸ்டம்32-க்குள் போடவே கூடாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ன் கான்கரர்ஸ் தொகுப்பின் இஎக்ஸ்இ 'ஏஜ்2_எக்ஸ்1' என்ற உள் ஃபோல்டரில் இருக்கும். வெளியே போட்டுவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்பது வழக்கமான தவறு. பிறகு அமைப்புக் கோப்பான ஐஎன்ஐ-யில் விண்டோட், ஃபுல்ஸ்கிரீன் இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள். அதுதான் பார்டர் இல்லாத முழுத்திரை. மெயின்டாஸ் ட்ரூ என்றால் நீள அகல விகிதம் காக்கப்படும். பாக்ஸிங் ட்ரூ என்றால் முழு எண் ஸ்கேலிங். கைப்பட எழுத விருப்பமில்லை என்றால் கான்ஃபிக் நிரலில் டிக் போட்டாலே போதும்.

மாற்றியும் எடுபடவில்லையா? அந்த ஐஎன்ஐ-யின் கீழ்ப்பகுதியில் இஎக்ஸ்இ பெயரிலேயே தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் விளையாட்டின் பெயரில் ஒன்று இருந்தால், மேலே எழுதியதை அது மீறும். கர்சர் தாறுமாறாக வேகம் காட்டினால் அதே ஐஎன்ஐ-யில் அட்ஜ்மவுஸ் வரியைப் பாருங்கள். ரெட் அலர்ட் 2-ல் தனி ஆட்டம் மிக வேகமாக ஓடினால் மேக்ஸ்கேம்டிக்ஸ் வரியை 60-ல் வையுங்கள். கர்சர் ஜன்னலுக்குள் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல்+டேப் அடித்து விடுவியுங்கள். லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் தன்னுடைய டிடிராவையே எடுத்துக்கொள்ளும்; வைன்கான்ஃபிக்கின் லைப்ரரீஸ் டேபில் டிடிரா-வை 'நேட்டிவ், பிறகு பில்ட்-இன்' என்று வைக்க வேண்டும்.

டிஜிவூடூ 2 வேறு வகையில் வலிமையானது. டைரக்ட்எக்ஸின் பழைய பதிப்புகளையும் பழைய 3டிஎஃப்எக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகளின் கிளைடு என்ற வரைகலை முறையையும் விண்டோஸின் முப்பரிமாண வரைகலை முறையான டைரக்ட்3டி 11, 12-க்கு மொழிபெயர்க்கிறது. சிஎன்சி-டிடிரா 2டிக்கு மட்டுமானது. டைரக்ட்3டி கேட்கும் விளையாட்டுக்கு அது உதவாது. முப்பரிமாண விளையாட்டில் டிஜிவூடூவின் ரெசல்யூஷன் உயர்வு நிஜமான கூர்மையைத் தரும், ஏனென்றால் முக்கோணங்களே புதிய அளவில் வரையப்படுகின்றன. 2டி விளையாட்டில் அதே ஆப்ஷன் 640×480 படத்தை இழுப்பதைத் தாண்டி எதுவும் செய்யாது. விகிதம் காக்கும் ஸ்கேலிங் டிஜிவூடூவிலும் உண்டு; அந்த ஒரு விஷயத்தில் இரண்டும் சமம் என்றே சொல்ல வேண்டும்.

டைரக்ட்டிரா விளையாட்டுக்கு டிஜிவூடூவைப் போடுவதாக இருந்தால் எம்எஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்86 கோப்புகளையே எடுங்கள்; இந்த விளையாட்டுகள் 32 பிட். கன்ட்ரோல் பேனலின் மேற்பகுதியில் கான்ஃபிக் ஃபோல்டராக விளையாட்டின் ஃபோல்டர் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அமைப்பு வேறிடத்தில் சேமிக்கப்பட்டு விளையாட்டுக்குப் போய்ச் சேராமல் போகலாம். மூலையில் வாட்டர்மார்க் தெரிந்தால் டிஎல்எல் வேலை செய்கிறது என்று பொருள். உறுதியான பின் டைரக்ட்எக்ஸ் டேபில் அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

எல்லைக்கோட்டில் நிற்பது 2000-ன் டையப்லோ 2. டைரக்ட்டிரா மோடில் சிஎன்சி-டிடிராவோடு நன்றாகவே ஓடும். ஆனால் ஆழத் தோற்றம் தரும் பெர்ஸ்பெக்டிவ் ஆப்ஷன் வேண்டுமென்றால் டைரக்ட்3டி அல்லது கிளைடு தேவை. அங்கே டிஜிவூடூவின் கிளைடுதான் சரி, விளையாட்டோடு வரும் வீடியோ டெஸ்ட் நிரலில் கிளைடைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதிக்க நினைப்பவர்கள் கவனிக்க: டைரக்ட்டிராவுக்கு இரண்டும் தரும் டிஎல்எல் பெயர் டிடிராதான். ஒன்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டுத்தான் மற்றதை வைக்க வேண்டும்.