இடுப்பு மூட்டுத் தேய்மானம்: நடையை அளக்க சென்சாரை எங்கே கட்டுவது?

இடுப்பு மூட்டு தேய்ந்தவரின் நடையைப் பார்த்தாலே தெரியும். வலிக்கும் காலில் அதிக நேரம் நிற்காமல் தாங்கித் தாங்கி நடப்பார், உடம்பை அந்தப் பக்கமே சாய்ப்பார், அந்தக் கால் முழுசாகப் பின்னே நீளாது. சிகிச்சைக்குப் பிறகு இதெல்லாம் எவ்வளவு மாறியது என்று எண்ணில் சொல்லத்தான் கருவி வேண்டும்.

அகச்சிவப்புக் கேமராக்களும் கால் ஊன்றும் விசையை அளக்கத் தரையில் பதித்த விசைத்தட்டுகளும் உள்ள நடை ஆய்வகம்தான் இன்றும் உரைகல். ஆனால் அங்கே பதிவாவது சில மீட்டர் நடை, அதுவும் நாலு பேர் பார்க்கும்போது நடக்கிற நடை. சாயங்காலம் களைத்துப்போய் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடப்பது அதில் வராது. அதைப் பிடிக்கத்தான் உடலில் அணிந்து அசைவை அளக்கும் சென்சார்.

மணிக்கட்டுக் கடிகாரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மெதுவாக நடந்தால் அடிகளைத் தவறவிடும். வாக்கரைப் பிடித்துவிட்டால் கை வீச்சே இருக்காது.

உண்மையான போட்டி கீழ்முதுகுக்கும் பாதத்துக்கும்தான். கீழ்முதுகில் பெல்ட்டோடு ஒரே ஒரு சென்சார் கட்டினால் போதும், ஒவ்வொரு குதிகால் ஊன்றலும் அசைவின் வரைபடத்தில் ஒரு முனையாக எழும். நொண்டும் நடையில் முனைகளின் இடைவெளி ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று மாறி மாறி வரும். இடுப்பெலும்பு ஒரு பக்கம் இறங்குவதும் தெரியும். அடியின் நீளத்தை மட்டும் அது நேரடியாக அளப்பதில்லை; உடம்பு ஏறி இறங்குவதையும் காலின் நீளத்தையும் வைத்து ஊகிக்கிறது. நடை கோணலானால் ஊகமும் கோணல்தான். பெல்ட் தளர்ந்திருந்தால் அதன் ஆட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பாத சென்சாருக்கு இங்கே ஒரு வசதி. பாதம் தரையில் படிந்து நிற்கும் கணத்தில் வேகம் பூஜ்யம் என்று வைத்து, சேர்ந்துவந்த பிழையை அடிக்கு அடி துடைத்துவிடலாம். அடி நீளமும் வேகமும் நம்பகமாகக் கிடைக்கும். ஆனால் உடம்புச் சாய்வு அதற்குத் தெரியாது.

தொடையிலும் இடுப்பிலும் சேர்த்துக் கட்டினால் மூட்டுக் கோணமே கிடைக்கும். ஆனால் தொடைச் சதை குலுங்கும், பக்கத்தில் இரும்பு இருந்தால் சென்சாருக்குள் திசை அறியும் காந்தமானி குழம்பும். நாள் கணக்கில் வீட்டில் கட்டிக்கொண்டிருக்க ஆகாது.

என் ஓட்டு கீழ்முதுகுக்கே, ஒரு நிபந்தனையோடு. இரண்டு இடுப்பும் தேய்ந்தவருக்கு இரு காலும் ஒரே மாதிரி தடுமாறும்; இரு காலையும் ஒப்பிடும் சமச்சீர் எண் அழகாக வந்து ஏமாற்றிவிடும். அவர்களுக்குப் பாதத்திலும் ஒன்று கட்டி, வேகத்தையும் அடி நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.