புல்வெட்டி மிஷின் கார்புரேட்டர்: கழுவுவதா, கிட் போடுவதா, புதிதாக மாட்டுவதா?

மாதக்கணக்கில் மூலையில் கிடந்த புல்வெட்டி மிஷினை மழை விட்டதும் எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். "கார்புரேட்டர் போச்சு, புதுசு மாட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்தான் அது; பல நேரம் அதை மாற்ற அவசியமே இருக்காது.

முதலில் கோளாறு அங்கேதானா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சில சொட்டு பெட்ரோல் விட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டிக் கயிற்றை இழுங்கள். ஓரிரு நொடி ஓடி நின்றால் தீப்பொறி சரி, பெட்ரோல்தான் வரவில்லை. பிளேடு கல்லில் அடிபட்டு நின்ற மிஷின் என்றால் கதை வேறு. ஃப்ளைவீல் சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு (ஃப்ளைவீல் கீ) வெட்டுப்பட்டு, தீப்பொறி விழும் நேரம் (டைமிங்) விலகியிருக்கலாம். கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.

தள்ளிக்கொண்டு போகும் மிஷின்களில், உதாரணமாக ஹோண்டா ஜிஎக்ஸ்வி160 எஞ்சினில், மிதவை வைத்த கார்புரேட்டர் இருக்கும். இதற்குக் கழுவுவதுதான் என் முதல் தேர்வு. பெட்ரோல் டேப்பை மூடி, அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் பழைய பெட்ரோல் காய்ந்த பிசின் தெரியும். ஓடும்போது வேகம் ஏறி ஏறி இறங்கினால் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டில், அடைப்பு என்று சந்தேகப்படலாம். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மின்வயரில் உருவிய ஒற்றைச் செம்பு இழையை அந்தத் துளையில் விட்டு எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். குண்டூசி மட்டும் வேண்டாம்! பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பெட்ரோல்-காற்று அளவே மாறிவிடும்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டருக்கு இது பெரும்பாலும் உதவாது. அதில் கிண்ணம் கிடையாது, பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம்தான். அது விறைத்துப்போனால் எவ்வளவு கழுவினாலும் பழைய இளக்கம் வராது. இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய மிஷின்களின் ரப்பருக்குக் கூடுதல் சோதனை. சோக் போட்டால் மட்டும் ஓடி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைகிறதா? புது டயஃப்ரமும் கேஸ்கெட்டும் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) சேர்ந்து வரும் கிட் வாங்கிவிடுங்கள். கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டும் டயஃப்ரமும் வரிசை மாறினால் ஓடாது.

முழுசாக மாற்ற வேண்டிய நிலையும் உண்டு. தண்ணீர் இறங்கி உள்வழிகளை வெள்ளைப் பொடியாக அரித்திருந்தாலோ, ஆக்சிலேட்டரோடு திரும்பும் த்ராட்டில் தண்டு ஆடிக் காற்று இழுத்தாலோ, பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி உட்காரும் இடம் தேய்ந்து பெட்ரோல் வழிந்தாலோ பழையதோடு போராட வேண்டாம். வழிந்திருந்தால் ஆயிலையும் பாருங்கள். மட்டம் ஏறி பெட்ரோல் வாடை அடித்தால், ஆயில் மாற்றாமல் ஓட்டவே கூடாது. விலை குறைந்த நகல்கள் அச்சாகப் பொருந்தும், ஆனால் ஜெட் அளவு வேறாக இருக்கலாம். அது சிறிதாக இருந்தால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறும். பழைய கார்புரேட்டர் பாடியில் உள்ள நம்பரைக் காட்டி அசலையே கேளுங்கள்.

எதைச் செய்தாலும் டேங்கில் உள்ள பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு ஃபில்டரையும் பாருங்கள். அடுத்த முறை ஓரம்கட்டும்போது டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.