இரவு மாத்திரையை நிறுத்தச் சொன்ன பச்சைக் கல்: வேலூரில் கிரிஸ்டல் ஹீலிங் போகிறவர்களுக்கு

போன மாதம் என் அம்மாவின் மாத்திரை டப்பாவில் இருபத்தோரு மாத்திரை அதிகமாக இருந்தது. எல்லாம் இரவில் போடவேண்டிய சுகர் மாத்திரை. மூன்று வாரமாக அவர் அதைத் தொடவே இல்லை. "போட்டாச்சா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் "போட்டேன் கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 274 என்று வந்த பிறகுதான் டப்பாவைப் படுக்கையில் கொட்டி எண்ணிப் பார்த்தேன்.

நிறுத்தச் சொன்னது டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு மாடியில் கிரிஸ்டல் ஹீலிங், ரெய்கி என்று, கல் வைத்தும் கை வைத்தும் நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி சென்டர் நடத்தும் ஒரு மேடம். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான். அதனால்தான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் சென்டரின் பெயரை இங்கே போடவில்லை.

கல், எனர்ஜி என்றாலே எல்லாம் புரட்டு என்று பேசுகிறவள் இல்லை நான். குடியாத்தத்துக்காரி. இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிறேன், ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் அறைத்தோழி ஒருத்தி மூலமாகப் பேகன் என்கிற இயற்கை வழிபாடு அறிமுகமானது. வருடத்தை எட்டாகப் பிரித்துப் பருவம் மாறும் நாட்களைக் கும்பிடுவது, பௌர்ணமி அமாவாசையைக் கவனித்து இருப்பது, மண், நீர், தீ, காற்று நான்கையும் மனதில் நிறுத்தி உட்காருவது. இங்கிலாந்துப் பருவத்துக்கு ஏற்ற நாட்கள் அவை. அக்டோபர் 31 சம்ஹைன் என்றால் அங்கே அறுவடை முடிந்து குளிர் தொடங்குகிற நேரம். நமக்கு வடகிழக்கு மழை. மே 1 பெல்டேன் அன்று அவர்கள் தீ மூட்டிக் கோடையை வரவேற்பார்கள். வேலூரில் அன்று கதவைத் திறந்தாலே அனல். நான் அதை வைகாசி முதல் நாளுக்குத் தள்ளிக்கொண்டேன். அன்றைக்குத்தான் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் சிரசு ஊர்வலமாக வருகிற தெருவில் நிற்கும்போது எனக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரிவதில்லை.

தினப்படி நான் செய்வது ரொம்பச் சின்னது. ஆபீஸ் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் வெறுங்காலோடு வேப்ப மரத்தடியில் நிற்பேன். கையில் ஒரு கல். மூச்சு கால் வழியாக மண்ணுக்குள் இறங்குவதாக நினைத்துக்கொள்வேன். அந்தக் கல் கவுண்டன்யா ஆற்று மணலில் அப்பா பொறுக்கிக் கொடுத்த வெங்கச்சாங்கல். சின்ன வயதில் கரண்ட் போன இரவுகளில் அப்பா இரண்டு வெங்கச்சாங்கல்லை எடுத்து உரசிக் காட்டுவார். கல்லுக்குள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஓடும், கருகின வாசனை வரும். கடையில் குவார்ட்ஸ் என்று விற்பதும் இதுவும் ஒரே சாதி. ஸ்படிகம், ஊதா நிற அமெதிஸ்ட், மஞ்சள் நிறச் சிட்ரின் எல்லாமே வெங்கச்சாங்கல்லின் உறவுக்காரர்கள்தான், தெளிவும் நிறமும் மட்டும் வேறு. இதெல்லாம் தெரிந்த நானே போய் விழுந்தேன்.

காரணம் அப்பாதான். அவர் போன பிறகு அம்மா தூங்குவதில்லை. இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பொங்கல் முடிந்த வாரம், "அங்க போய் வந்தா மனசு லேசாகுது" என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். சரி, அம்மாவுக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று போனோம்.

மாடி ஏறினதும் உப்பு விளக்கு, சாம்பிராணி மாதிரி ஒரு புகை, கண்ணாடி அலமாரி நிறையக் கல். சுவரில் ஒரு போர்டு: சுகர், பிபி, தைராய்டு, திருமணத் தடை. முன்னால் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். வயது, நோய், வீட்டில் சமீபத்தில் நடந்த இழப்பு எல்லாம் அதில் எழுதவேண்டும். நான்தான் எழுதிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து உள்ளே மேடம் அம்மாவின் தலைக்கு மேல் பெண்டுலத்தைப் பிடித்தார். அது சுற்றியது. வயிற்றுக்கு நேராக வந்ததும் நின்றது. "மணிப்பூரகச் சக்கரம் மூடிக் கிடக்கு. வீட்டுக்காரர் போன துக்கம் கணையத்துல போய் உட்கார்ந்திருக்கு" என்றார். அம்மா பொலபொலவென்று அழுதுவிட்டார். படிவத்தில் நான் எழுதியதுதான் பெண்டுலத்தின் வாயிலிருந்து வந்தது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. பெண்டுலம் பிடிக்கிறவர் கையின் அசைவு, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருந்தாலும், அதைச் சுழற்றும், நிறுத்தும். நானே வீட்டில் பிடித்துப் பார்த்தவள்.

ஸ்கேனுக்கு 500. சிட்ரின் கொத்து ஒன்று 4,500. ஏழு சிட்டிங் பேக்கேஜ் 14,000. இரண்டாவது வாரம் வீட்டில் அந்தச் சிட்ரினில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. போனில் சொன்னேன். "யாரோ கண் வெச்சிருக்காங்கம்மா. கல்லு அதைத் தான் வாங்கிக்கிச்சு. இல்லன்னா அம்மாவுக்கு ஆகியிருக்கும்" என்றார். அன்றைக்கு இரவு தூங்காதது அம்மா மட்டும் இல்லை. மறுநாளே 6,500 கொடுத்து ஸ்படிக மாலை வாங்கினேன். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். என் வழிபாட்டில் இத்தனை வருடத்தில் பயம் என்ற ஒன்று இருந்ததே இல்லை. அந்த ஒரு போன் பேச்சுக்குப் பிறகு வேப்ப மரத்தடியில் நிற்கும்போதுகூட யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்புறம் ரெய்கி. முதல் நிலை, இரண்டாம் நிலை ரெண்டும் ஒரே நாளில், காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, 11,000. சித்தர்கள் கொடுத்த ஐயாயிரம் வருட வித்தை என்று பாடம் தொடங்கியது. ரெய்கி ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922இல் தொடங்கியது. அதை அமெரிக்கா பக்கம் கொண்டுபோனவர் ஹவாயோ தக்காதா. கை வைத்து அமைதியாக உட்காருகிற அந்த முறை எனக்குப் பிடித்தும் இருந்தது. அதற்குச் சித்தர் பெயரை ஒட்டி விலை ஏற்றவேண்டிய தேவை என்ன?

கடைசியாக வந்தது பச்சைக் கல். மாலகைட், 1,800 ரூபாய். இரவு கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் அம்மா குடிக்கவேண்டும், சர்க்கரை இறங்கும் என்றார். அம்மாவுக்கு வெறும் தண்ணீர் இறங்காது என்று ராத்திரியே அதில் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வைப்பார். மாலகைட் என்பது செம்பின் கார்பனேட். புளிப்பு பட்டால் அதிலிருந்து செம்பு கரையும். கணக்கு டிகிரி படித்த எனக்கு இது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கல்லை இப்போதும் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மேல் பாதி பட்டுப்போல வரிவரியாகப் பளபளக்கிறது. தண்ணீரில் நின்ற கீழ்ப் பாதி மங்கிப்போய், விரலால் தடவினால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரக்கிறது. அங்கிருந்து போனது எல்லாம் என் அம்மாவின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. காலையில் குமட்டல், ரெண்டு நாள் வாந்தி. "கெட்டது வெளியே போகுது" என்றார் மேடம்.

ஐந்தாவது சிட்டிங்கின்போது நான் வெளியே பணம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "மாத்திரை கெமிக்கல்மா. கல்லோட வேலையைத் தடுக்கும். ராத்திரி வேளை மட்டும் விட்டுப் பாருங்க. பொண்ணுகிட்ட சொன்னா பயப்படும், சொல்லாதீங்க."

இந்த வார்த்தைகளை அம்மா என்னிடம் சொன்னது மாத்திரையை எண்ணிய அன்று. சொல்லும்போது தலை நிமிரவே இல்லை. என் அம்மா எனக்குத் தெரிந்து அதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை. அதைச் சொல்லவைத்தவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. டாக்டர் திட்டவில்லை, கல் தண்ணீரை உடனே நிறுத்தச் சொன்னார், மாத்திரையைப் பழையபடி போடச் சொன்னார், சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அது நல்லபடியாக வந்தது. வாந்திக்குச் செம்புதான் காரணமா என்று இனிமேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அதற்குப் பிறகுதான் மற்றக் கற்களை எடுத்துக்கொண்டு லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் கல் பதிக்கும் பெரியவரிடம் போனேன். ஸ்படிக மாலையைக் கையில் வாங்கினதும் ஒரு மணியை உதட்டில் வைத்துப் பார்த்தார். அசல் ஸ்படிகம் சில்லென்று இருக்கும், சூடு ஏறவும் நேரம் பிடிக்கும். அப்புறம் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "நீயே பாரும்மா" என்று கொடுத்தார். மணிக்குள்ளே, சோடா பாட்டில் கண்ணாடியில் இருக்குமே, அதே மாதிரி முத்து முத்தாக உருண்டையான குமிழி. "இது கண்ணாடி. கல்லுக்குள்ள ரேகை இருக்கும், மேகம் மாதிரி இருக்கும். இப்படி உருண்டையா காத்து இருக்காது." நூற்றெட்டில் அவர் பார்த்த பன்னிரண்டு மணியும் அப்படித்தான். சிட்ரினை எடுத்து ஒரு பழைய கண்ணாடித் துண்டில் கீறினார். கோடு விழுந்தது. "இது கல்லுதான். ஆனா அடியைப் பாரு, வெள்ளை. நுனி மட்டும் செங்கல் நிறம். ஊதாக் கல்லைச் சூடு காட்டினா இப்படி ஆவும்."

அவர் சொன்னது சரிதான். அமெதிஸ்ட்டை நானூறு, ஐநூறு டிகிரிக்குச் சூடாக்கினால் ஊதா போய் ஆரஞ்சு வரும். கடைகளில் சிட்ரின் என்று கிடைப்பதில் பெரும்பகுதி இப்படி வந்ததே. இயற்கைச் சிட்ரின் வெளிறிய மஞ்சளாக, லேசான புகை நிறத்தோடு இருக்கும். சூடு காட்டிய கல் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. எனக்கு "பூமிக்குள்ள பழுத்தது" என்று சொல்லித்தான் விற்றார்கள். பெரியவர் என்னிடம் காசு வாங்கவில்லை. என் சுருக்குப் பையிலிருந்த வெங்கச்சாங்கல்லைப் பார்த்துவிட்டு, "இது எங்க வாங்கின?" என்று கேட்டார். ஆற்றில் எடுத்தது என்றேன். "இது அசல்" என்றார்.

மொத்தம் 38,300 ரூபாய். திரும்பக் கேட்கப் போனபோது மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க விலை கொடுக்கலையே, எனர்ஜிக்கு எனர்ஜி கொடுத்தீங்க. அதைத் திருப்பிக் கேட்டா தோஷம்" என்றார். பில் கேட்டேன். தட்சிணைக்குப் பில் கிடையாதாம். பணம் போன ஜிபே எண் வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. ஒரு வாரம் கழித்து ரெய்கிக்குக் கட்டிய 11,000 மட்டும் வந்தது, இதோடு விட்டுவிடுங்கள் என்ற செய்தியோடு. விடவில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். நானும் பத்து நாள் அப்படித்தான் இருந்தேன். வேண்டாம். 1915 என்ற எண்ணுக்கு அடித்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம், தமிழிலேயே பேசலாம். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்குப் பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். சுவரில் இருந்த அந்தப் போர்டையும் போட்டோ எடுத்து வைத்தேன். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று தாயத்து, மந்திரம், கவசம் எதையும் விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954இலேயே சட்டம் இருக்கிறது. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எனக்கு இப்போது கையில் இருக்கிற ஆதாரமே அவைதான்.

கல்லோடு வழிபாடு செய்கிற என் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எந்தக் கல்லையும் குடிக்கும் தண்ணீரில் போடாதீர்கள். மாலகைட்டில் செம்பு, கலீனாவில் ஈயம். செலினைட் ஜிப்சம், தண்ணீரில் கரையும். பக்கத்தில் வைத்துக் கும்பிட்டால் போதும். கல் உடைந்தால் கல் உடைந்தது, அவ்வளவுதான். சூடு காட்டிய கல்லில் விரிசல் விடுவது ஒன்றும் அதிசயமில்லை. அடுத்த கல்லை வாங்காவிட்டால் வீட்டில் ஒருவருக்கு ஆகிவிடும் என்று யார் சொன்னாலும், அப்போதே எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள். நான் அன்றைக்குச் செய்யாதது அது.

அம்மாவுக்குச் சர்க்கரை இப்போது 140க்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. இரவு மாத்திரையை என் எதிரில் போடுகிறார், நான் கேட்காமலே. தூக்கம் இன்னும் சரியாகவில்லை. இரண்டு மணிக்கு எழுந்தால் நானும் எழுந்து கூடத்தில் போய்க் கூட உட்காருகிறேன். அப்பாவைப் பற்றிப் பேசுவோம். ஒரு நாள் கரண்ட் இல்லாதபோது இரண்டு வெங்கச்சாங்கல்லையும் எடுத்து உரசச் சொன்னார்.

அந்த மாடியில் போர்டு இன்னும் எரிகிறது. வரும் பௌர்ணமிக்குச் சுகர் உள்ளவர்களுக்கு என்றே தனிச் சிட்டிங் வைத்திருக்கிறார்களாம், முன்பணமும் வாங்கியாகிவிட்டதாம். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது அங்கே போய் வருகிறார் என்றால், இன்றைக்கு இரவே மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணிப் பாருங்கள். கேட்காதீர்கள், எண்ணிப் பாருங்கள்.