சிம்பிள்.சிஎஸ்எஸ்: சின்னக் கடையின் தளத்துக்குத் தாராளமாகப் போதும்

சென்னையில் ஒரு மெஸ்ஸுக்கோ ட்யூஷன் சென்டருக்கோ வெப்சைட் கேட்டால், பெரும்பாலும் பூட்ஸ்ட்ராப் என்ற பெரிய ரெடிமேட் டிசைன் தொகுப்பின் தீம் ஒன்றை எடுத்து நிறத்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மெனு, நேரம், போன் நம்பர், மேப் தவிர வேறெதுவும் இல்லாத தளம் அது. அதற்குச் சுருக்காத நிலையில் 200 கேபியைத் தாண்டும் ஸ்டைல் ஃபைல் தேவையே இல்லை.

சிம்பிள்.சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் எழுத்து, நிறம், இடைவெளியை அமைத்துத் தரும் சின்ன ரெடிமேட் ஸ்டைல் ஃபைல். இலவசம், தாராளமாக மாற்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி லைசென்ஸ். சுருக்கி அனுப்பினால் சுமார் 4 கேபிதான். ஸ்டைலுக்காக டேக்குகளில் ஒட்டும் கிளாஸ் பெயர்கள் அநேகமாக வேண்டாம். எச்டிஎம்எல் டேக்குகளை ஒழுங்காகப் போட்டாலே பக்கம் பார்க்கும்படி அமைந்துவிடும். ஆனால் ஹெடர், மெயின், ஃபூட்டர் மூன்றும் நேரடியாக பாடிக்குள் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் ஒரு டிவ்வுக்குள் (பொதுவான பெட்டி டேக்) அடைத்தால், பாடியின் கிரிட், அதாவது பத்தி அமைப்பு, அந்த டிவ்வை நடுப்பத்தியில் நிறுத்திவிடும். ஹெடர் பட்டை திரை முழுக்க விரியாது.

தமிழ்ப் பக்கம் என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. தலைப்புகளுக்கு இதில் லைன்-ஹைட் (வரி உயரம்) 1.1. ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் தலைப்பு இரண்டு வரியானால் மேல்வரியின் 'கூ', 'ழு' கால்கள் கீழ்வரியின் 'கீ', 'றி' கொக்கிகளில் போய் இடிக்கும். 1.4 ஆக்குங்கள். உடல் எழுத்துக்கு 1.5 இருக்கிறது, 1.7 வைத்தால் கண்ணுக்கு இதம். முதல் தலைப்பு மொபைலிலும் 2.5 ரெம், அதாவது 40 பிக்சல். 360 பிக்சல் திரையில் 'சிற்றுண்டிவகைகள்' நடுவில் உடைந்து அடுத்த வரிக்கு இறங்கும். 1.8 ரெம் போதும். தமிழுக்கென வெப்ஃபான்ட் ஏற்ற வேண்டாம்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ தானே வந்துவிடும்.

லிங்க், பட்டன் நிறம் மாற்ற முக்கியமானது ஆக்சென்ட் என்ற வேரியபிள். இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். உங்கள் சொந்த ஸ்டைல் ஃபைல் இதற்குப் பின்னால் வருவதால், நீங்கள் தரும் மெரூன், டார்க் மோடுக்கென்று இதில் உள்ள மஞ்சளையும் சேர்த்து அழித்துவிடும். கருப்புப் பின்னணியில் லிங்க் எதுவுமே தெரியாது. டார்க் மோட் மீடியா குவெரிக்குள் (டார்க் மோடில் மட்டும் வேலை செய்யும் விதிப்பகுதி) வெளிர் நிறம் ஒன்றைத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

இதன் விதிகளில் பெரும்பாலானவை வெறும் டேக் பெயரில் எழுதப்பட்டவை. அதனால் பின்னால் வரும் உங்கள் 20 வரியே ஜெயிக்கும். எங்கேயும் மற்ற விதிகளை மீற வைக்கும் 'இம்பார்ட்டன்ட்' போட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, இதன் பெரிய நிம்மதியே அதுதான்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் கடை போல ஐந்தாறு பத்தி விலைப்பட்டியல் இருந்தால் டேபிளை ஃபிகர் டேக்குக்குள் போட்டு, டேபிள் மட்டும் பக்கவாட்டில் நகர வைக்கும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ அந்த டேக்குக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மொபைலில் பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகரும். சிம்பிள்.சிஎஸ்எஸ் ஃபைலை இறக்கி உங்கள் சர்வரிலேயே வையுங்கள். புது வெர்ஷன் வந்து தளம் திடீரென்று மாறாது.

கார்ட், லாகின், பாப்அப் எல்லாம் உள்ள தளத்துக்கு இதை எடுக்காதீர்கள். மோடல் (பாப்அப் பெட்டி), அகார்டியன் (தட்டினால் விரியும் பகுதி) கொண்ட பிகோ என்ற இன்னொரு சிஎஸ்எஸ் தொகுப்பு அதற்குப் பொருத்தம். அதிலும் கிளாஸ் இல்லாத வடிவம் உண்டு.